ஐந்து வினாடி

ஒரு கரும்புச்சாறு கொடுங்கள் அண்ணே. ஐஸ் வேண்டாம், பல் கூசும். இஞ்சி இருந்தால் ஒரு துண்டு வைத்து அரையுங்கள்.

பார்சல் இல்லை. இங்கேயே நின்று குடிக்கிறேன். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். நீங்கள் தனவேலுக்கு அண்ணன்தானே, கலியமூர்த்தி? மூக்கே சொல்கிறது. நான் சுகவனம்.

ஆமாம். அந்தச் சுகவனம்தான்.

கரும்பைக் கீழே வைக்காதீர்கள், மெஷின் வெறுமனே ஓடுகிறது பாருங்கள். நான் சண்டைக்கு வரவில்லை. நான் அடிபட்டவன். இந்தப் புருவத்தைப் பாருங்கள். தையல் இன்னும் பிரிக்கவில்லை. கீழ்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை, அதனால்தான் பேச்சு காற்றாக வருகிறது. தனவேலின் மச்சான், அவன் பெண்டாட்டிக்குத் தம்பி, அந்த ஒல்லிப் பையன்தான் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து ஹெல்மெட்டால் அடித்தான். நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன் அண்ணே. ஆப்பிள் பையோடு விழுந்தேன். ஒருத்தரும் எழுப்பிவிடவில்லை. வாட்ச்மேன் ஆப்பிளைப் பொறுக்கினான். விழுந்த பிறகும் அந்தப் பையன் நிறுத்தவில்லை, விலாவில் உதைத்தான். நான் போலீசுக்குப் போனேனா? போகவில்லை. அதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாளைக்குக் கம்பெனியில் விசாரணை. விபத்து நடந்தபோது அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், நானும் தனவேலும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘சுகவனம் முன்கூட்டியே சொன்னான், நான்தான் கவனிக்காமல் கையை விட்டேன்.’ அவ்வளவுதான். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு வேலை போகும். வேலையோடு விட மாட்டார்கள், கேஸ் போடுவார்கள். என் போனை அவன் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் அந்த ஹெல்மெட் இருப்பான். நீங்கள் மூத்தவர். நீங்கள் சொன்னால் கேட்பான்.

விரல் மூன்று போய்விட்டது, எனக்குத் தெரியும். வலது கை. எனக்கும் வருத்தம்தான். வருத்தம் இல்லாமலா ஆப்பிள் வாங்கினேன்?

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், எனக்கு அவசரம் இல்லை.

எங்கள் கம்பெனியில் குழாய் குழாயாக ஓடும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு குழாயிலும் வால்வு. ஆள் திருகுகிற வால்வு இல்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்து மின்சாரம் வரும், அந்த மின்சாரத்தின் அளவுக்கு வால்வு தானே திறக்கும், தானே மூடும். நான்கு என்றால் மூடியிருக்கும். இருபது என்றால் முழுக்கத் திறந்திருக்கும். பன்னிரண்டு என்றால் பாதி. மில்லி ஆம்ப் என்பார்கள், அதை விடுங்கள். ஆண்டுக்கொரு முறை கம்பெனியை நிறுத்தி எல்லா வால்வையும் சோதிப்போம். கண்ட்ரோல் ரூம் செய்கிற வேலையை அப்போது ஒரு சின்னப் பெட்டி செய்யும். கேலிப்ரேட்டர். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அந்தப் பெட்டி என் கையில். வால்வு மேலே தளத்தில், தனவேல் அதற்குப் பக்கத்தில். நான் கீழே.

பழைய பெட்டியில் எல்லாம் கையால்தான். நான் எட்டு வைப்பேன். ‘எட்டு!’ என்று கத்துவேன். வால்வு நகர்ந்து நிற்கும். அவன் அளவுகோலைப் பார்ப்பான், ஏதாவது நட்டைத் திருக வேண்டுமென்றால் திருகுவான், பிறகு மேலேயிருந்து ‘ஆச்சு!’ என்பான். அவன் ஆச்சு சொன்னால்தான் நான் பன்னிரண்டு வைப்பேன். எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம். ஆச்சு சொல்லாமல் அடுத்த எண் கிடையாது. பெரிய இன்ஜினியரே நின்றாலும் ஃபிட்டர் ஆச்சு சொல்ல வேண்டும். யோசித்துப் பாருங்கள், படிப்பு முடித்துப் பதினோரு வருஷம் வேலையில் இருக்கிறவன் நான், ஒரு ஃபிட்டர் எனக்கு ஆச்சு சொல்ல வேண்டும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

பிறகு புதுப் பெட்டி வந்தது. அதற்குப் பெங்களூரில் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் பிரிவிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். இதில் கத்த வேண்டியதில்லை. எந்தெந்த எண், எந்த வரிசை, ஒவ்வொன்றிலும் எத்தனை வினாடி நிற்க வேண்டும், எல்லாம் முதலிலேயே எழுதி வைத்துவிடலாம். ஸ்டார்ட் அழுத்தினால் போதும். நான்கிலிருந்து படிப்படியாக இருபதுக்கு ஏறும், இருபதிலிருந்து படிப்படியாக நான்குக்கு இறங்கும். யாரும் ஆச்சு சொல்ல வேண்டாம். சொன்னாலும் அதற்குக் காது இல்லை. வினாடி முடிந்ததும் போய்க்கொண்டே இருக்கும். அழகான பெட்டி அண்ணே. கோபம் கிடையாது, மறதி கிடையாது, கேலி கிடையாது.

கேலி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கேண்டீனில் நாற்பது பேர் நடுவில் கேட்டான்.

“ஏன் வாத்தியாரே, இனிமே பொட்டியே எல்லாம் பாத்துக்குமாமே?”

“ஆமாம்.”

“அப்ப நீ எதுக்கு?”

அவ்வளவுதான் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். “பொட்டிய நான் தோள்ல மாட்டிக்கிறேன். நீ ஊட்டுக்குப் போயி மாடு மேய்” என்றான். பாத்திரம் கழுவுகிற அம்மா வரைக்கும் சிரித்தார்கள். என் கையில் இருந்த டம்ளர் அவன் நெற்றியில் பட்டது. எவர்சில்வர் டம்ளர். வெந்நீர் கொஞ்சம் இருந்தது. நான் எறிந்தேன் என்று சொல்வார்கள். கை அசைந்தது, டம்ளர் போனது.

நெற்றியில் ரத்தம் வந்தது. நான் மறைக்கவில்லை. ஆனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? திருப்பி அடித்திருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். ஆம்பிளைக்கு ஆம்பிளை அடித்துக்கொள்வதுதானே. அவன் அடிக்கவில்லை. மெதுவாக எழுந்து வந்தான். ஒரு கையால் என் பிடரியைப் பிடித்தான். உங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இந்தக் கை, பெரிய கை. அப்படியே நடத்திக்கொண்டு போய், எச்சில் தட்டு கொட்டுகிற தொட்டியில் என் முகத்தை வைத்து அழுத்தினான். சாம்பார், முருங்கைச் சக்கை, யாரோ துப்பின மிளகாய். மூச்சு விட்டால் மூக்கில் ஏறுகிறது.

“ஆச்சா?” என்றான்.

நான் தொட்டி விளிம்பைப் பிடித்துத் திமிறினேன். இன்னும் அழுத்தினான்.

“ஆச்சுன்னு சொல்லு, வுட்டுடுறேன்.”

சொன்னேன். தொட்டிக்குள்ளிருந்து சொன்னேன். நாற்பது பேருக்கும் கேட்டது. பிடரியை விட்டுவிட்டு, தன் தோள் துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தான் அண்ணே. “சரி வுடு, சுகா, சரியாப் போச்சு” என்று என் முதுகில் தட்டினான். அவன் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கிறது, என் முகத்தைத் துடைக்கிறான். அதுவும் நாற்பது பேருக்குத் தெரிந்தது.

நான் அன்றைக்கே அதை மறந்துவிட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாளைக்கு விசாரணையில் யாராவது இதைக் கிளப்புவார்கள். முன்விரோதம் என்பார்கள். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். எனக்கு விரோதம் கிடையாது. வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெண்டாட்டியை நான் கோபத்தில் தொட்டதே இல்லை. என்றைக்காவது ஒரு அறை கொடுத்திருந்தால் அது நிதானமாக, யோசித்துக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

இன்னொரு டம்ளர் கொடுங்கள். நன்றாக இருக்கிறது. அந்த உருளைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள் அண்ணே, பார்க்கவே எனக்கு உடம்பு கூசுகிறது. சக்கை மாட்டினால் கம்பியால் எடுங்கள். சலங்கை கட்டியிருக்கிறீர்களே தவிர, ஒரு தகடு வைத்து மறைக்கக் கூடாதா? பாதுகாப்பு என்பது நம் கையில்தான் இருக்கிறது.

அன்றைக்கு நீராவிக் குழாயில் ஒரு பெரிய வால்வு. இடுப்பளவு உயரம். அதன் நடுத்தண்டு என் மணிக்கட்டுத் தடிமன். திறக்கும்போது தண்டு மேலே போகும், மூடும்போது கீழே இறங்கும். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், நடுவில் திறந்த இடம். அந்த இடத்துக்குள் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. இறங்கும் வரிசையில், பாதித் திறப்பில் நிற்கும்போது, உள்ளே கைவிட்டு அந்த லீவரின் நட்டைச் சரிசெய்ய வேண்டும். வேறு வழி கிடையாது, கை போயாக வேண்டும். பன்னிரண்டில் நிற்கும், அவன் கையை விடுவான், திருகுவான், எடுப்பான், பிறகு எட்டுக்கு இறங்கும். வழக்கமாக ஒவ்வொரு எண்ணிலும் முப்பது வினாடி வைப்போம். அது அவனுக்கு உடம்பில் ஏறிப்போயிருந்தது. கடிகாரமே பார்க்க மாட்டான்.

அன்றைக்கு வேலை அதிகம். மறுநாள் கம்பெனியை ஓட்ட வேண்டும் என்று மேலிடத்தில் கத்துகிறார்கள். சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று இன்ஜினியர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். அதனால் வினாடி குறைந்தது. ஐந்து வினாடி.

சொன்னேன் அண்ணே. சொல்லாமல் இல்லை. கீழேயிருந்து சொன்னேன். காற்று மெஷின் இரைச்சலில் கேட்டதோ இல்லையோ, அது என் பொறுப்பு இல்லை. ‘தானியங்கிச் சோதனை, கை வைக்காதே’ என்று சிவப்புப் பலகை மாட்ட வேண்டும், அதையும் மாட்டினேன். என் பக்கத்தில் இருந்த கைப்பிடியில் மாட்டினேன். மேலே போய் மாட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

ஸ்டார்ட் அழுத்தினேன். நான் பெட்டியின் திரையைப் பார்க்கிறேன். அதுதான் என் வேலை. மேலே தளத்தில் என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இருபதுக்கு ஏறியது, நன்றாக ஏறியது. இறங்கத் தொடங்கியது. பதினாறு. பன்னிரண்டு. பிறகு எட்டு.

எட்டு வந்ததும் கத்தினான். அவன் எப்போதும் கத்துகிறவன்தானே, அளவு சொல்கிறான் என்று நினைத்தேன். வார்த்தையாக வரவில்லை. ஆட்டை அறுக்கும்போது முதலில் ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஆடு என்றே தெரியாத ஒரு சத்தம், அப்படி வந்தது. எட்டுக்கு வால்வு கால்வாசித் திறப்பு வரை இறங்க வேண்டும். இறங்கவில்லை. கொஞ்சம் மேலேயே நின்று உதறியது. திரையில் ஒரு விலகல். அந்த ஒரு புள்ளியில்தான் விலகல், மற்ற எல்லாம் சுத்தம். பிறகு பெட்டி நான்குக்குப் போனது. நான்கு என்றால் வால்வைத் தூக்கிப் பிடிக்கிற காற்று மொத்தமும் போய், மேலே இருக்கிற ஸ்பிரிங் முழுப் பலத்தோடு தள்ளும். அதில் இறங்கிவிட்டது. முழுக்க மூடிவிட்டது.

அப்போதுதான் மேலே ஓடினேன். அவன் நின்றுகொண்டிருந்தான். விழவில்லை. விழ முடியாது, கை உள்ளே இருக்கிறது. இடது கையால் இரும்புத் தூணைக் குத்திக்கொண்டிருந்தான். அந்தக் கை முட்டியிலும் தோல் பிய்ந்து தொங்கியது. பேண்ட்டில் சிறுநீர். என்னைப் பார்த்து, “ஏத்துடா... ஏத்துடா...” என்றான். இருபதுக்கு ஏற்றினால் தண்டு மேலே போகும், கை வெளியே வரும். பெட்டி கீழே இருக்கிறது. நான் இறங்கிப் போய் ஏற்ற வேண்டும். போனேன். படி செங்குத்து, ஓட முடியாது. ஏற்றினேன். கை வந்தது, விரல் வரவில்லை. ஒன்று தளத்தின் கம்பி இடுக்கு வழியாகக் கீழே என் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.

ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அந்த வால்வை மறுபடி சோதித்தேன். விலகல் இல்லை. எல்லாப் புள்ளியும் சரி.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? சோதிக்காமல் விட முடியுமா? மறுநாள் நீராவி விட வேண்டும். நான் விட்டுவிட்டுப் போயிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன். தனவேலிடம் சொல்லுங்கள். ‘சுகவனம் சொன்னான், நான் கேட்டேன், ஞாபகம் இல்லாமல் கை விட்டேன்.’ அவனுக்கும் நஷ்டம் இல்லை. உட்கார்ந்த வேலையாக, கேட்டில் போடச் சொல்லி நானே மேலிடத்தில் பேசுகிறேன். இடது கையால் கேட்டைத் திறக்கலாம். அவனை நான் அப்படி விட்டுவிட மாட்டேன்.

என்ன?

மெஷினை நிறுத்துங்கள், காதில் விழவில்லை.

நேற்றேவா? இன்ஜினியர் வீட்டுக்கே வந்தாரா? தனவேல் சொல்லிவிட்டானா? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? என்ன சொன்னான்?

யார் மேலும் தப்பு இல்லை என்று சொன்னானா.

நல்லது. நல்லது அண்ணே. எனக்குத் தெரியும், அவன் நல்ல மனுஷன்தான். வாய்தான் நீளம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தொண்டை கிழியப் பேசியிருக்க மாட்டேனே. இரண்டு டம்ளருக்கு எவ்வளவு? வேண்டாமா? இல்லை, பிடியுங்கள். நான் ஓசியில் குடிக்கிறவன் இல்லை.

என்ன வார்த்தை சொன்னான்? இன்ஜினியரிடம் அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். நாளைக்கு நானும் அதையே சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

“சுகவனத்துக்கு அந்தப் பொட்டி சரியா வராதுங்க.”

ம். அப்புறம்?

“பயந்து பயந்துதான் அழுத்துவான். பெங்களூர் போயிட்டு வந்தான், ஒண்ணும் வெளங்காம வந்தான். வெளிய சொல்ல வெக்கம். வெரலு தப்பாப் பட்டு நேரம் மாறிப்போயிருக்கும். அவனுக்கே தெரிஞ்சிருக்காது, பாவம். வுட்டுடுங்க.”

பாவம் என்றானா? அந்த வார்த்தையையேதான் சொன்னானா?

இன்ஜினியர் என்ன சொன்னார்? தலையாட்டினாரா? எழுதிக்கொண்டாரா?

இல்லை, நான் உட்காரவில்லை. நிற்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன். தண்ணீர் வேண்டாம்.

எனக்கு விளங்கவில்லையாம். அந்தப் பெட்டி எனக்கு விளங்கவில்லையாம். அண்ணே, அந்தப் பெட்டியைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுங்கள், எழுதிக் காட்டுகிறேன். எங்கள் பயிற்சியில் மற்ற கம்பெனிக்காரன் எல்லாம் என்னிடம் வந்து கேட்டான். நான் தப்பாக அழுத்துவேனா? விரல் தப்பாகப் படுமா? என் விரலா?

போய் அவனிடம் சொல்லுங்கள். அன்றைக்குக் காலையில் முதல் இரண்டு வால்வுக்கும் முப்பது வினாடிதான் வைத்தேன். வைத்துவிட்டுத் திரையை நான் பார்க்கவே இல்லை, மேலே பார்த்தேன். தளம் கம்பித் தளம், கீழேயிருந்து பார்த்தால் அவன் முழங்கை தெரியும். முழங்கை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணினேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி. போனதும் நட்டைப் பிடிப்பான், திருகுவான், எட்டு எண்ணுவதற்குள் முழங்கை பின்னால் வரத் தொடங்கும். பத்து வைத்திருந்தால் நகம்தான் போயிருக்கும். நகம் எனக்கு எதற்கு? மூன்று வைத்தால் கை உள்ளே போவதற்கு முன்பே தண்டு இறங்கிவிடும், அவன் உஷாராகிவிடுவான். நான்கு யோசித்தேன். ஐந்துதான் சரி. மூன்றாவது வால்வு பெரிய வால்வு என்று எனக்குத் தெரியும், ஸ்பிரிங் பலம் தெரியும். ஏறும்போது முப்பதே விட்டேன், அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது. இறங்கும்போது பன்னிரண்டிலும் எட்டிலும் மட்டும் ஐந்து. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக வினாடி எழுதலாம், அது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வசதி அதில் இருப்பதே இன்ஜினியருக்குத் தெரியாது!

தெரியாமல் அழுத்தினேனாம்.

அவன் சொன்னதை அழிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நானே வந்து சொல்கிறேன். இன்ஜினியர் இருக்கட்டும், கேண்டீன் ஆட்கள் இருக்கட்டும், நாற்பது பேரையும் கூப்பிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சட்டையை விடுங்கள். கழுத்து நெரிகிறது. அண்ணே, அடியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு அடியுங்கள். பாதியில் அடித்தால் அவன் சொன்னதைத்தான் நீங்களும் நம்புவீர்கள்.